ஆறு கொம்பு ரூட்டரும் மாடிப் பின்னறையும்: ஒரு வீட்டு வைஃபை நிகழ்வு ஆய்வு

மே மாதம் பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்கு முன்பே ரூட்டர் வந்துவிட்டது. ரூட்டர் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தது அதன் காலி அட்டைப்பெட்டி. என் மடியில் வைத்து, மேலே அச்சடித்திருந்ததைப் படிக்கச் சொன்னார் சித்தப்பா.

"எல, ஆறு கொம்பு இருக்குல்லா. மூணு மாடிக்கு அடிக்கும்னு கடைக்காரன் சொன்னான். மேல பின்ரூம்ல இன்னும் சுத்திக்கிட்டுல்லா கெடக்கு."

மேலே பின்னறையில் இருப்பவள் தங்கச்சி. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் அவள் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது. அவர்கள் பேசுவது இவளுக்கு ஓரளவு கேட்கும். இந்த ஒருபக்கக் குறையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரச்சினையின் சாவி அதில்தான் இருந்தது என்று ராத்திரிதான் தெரிந்தது.

நான் போவதற்கு முன்பே மூன்று வைத்தியம் நடந்திருந்தது. முதலில் 1,500 ரூபாய்க்கு, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர். அப்புறம் 50 எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டத்தை 100 ஆக்கினார்கள். கடைசியில் 5,200 ரூபாய்க்கு இந்த ஆறு கொம்பு, அதாவது ஆறு ஆன்டெனா உள்ள ரூட்டர். மூன்றுமே ஹாலில் நன்றாக வேலை செய்தன. ஹாலில் முதலிலிருந்தே குறை இல்லை.

வீடு

1994இல் கட்டிய வீடு. முப்பதுக்கு ஐம்பது மனை. வெளிச்சுவரும் உள்சுவர்களில் பாதியும் ஒன்பது அங்குலச் செங்கல். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே ஐந்து அங்குலக் கான்கிரீட், உள்ளே கம்பிக்கட்டு. கீழே முன்னால் ஹால், பின்னால் சமையலறையும் ஒரு படுக்கையறையும். மேலே முன்னறை, பின்னறை, நடுவில் படி ஏறி வந்து நிற்கும் சின்ன இடம். இணையம் வரும் ஃபைபர் கேபிள் தெருக் கம்பத்திலிருந்து ஹால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிவிக்குப் பின்னால் இருக்கும் இணைய நிறுவனத்தின் பெட்டியில் முடிகிறது. புது ரூட்டரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, டிவியின் முதுகில். அதே சுவரின் மறுபக்கம் படுக்கையறையில் இரும்பு பீரோ. அதாவது ஒரு பக்கம் டிவியின் உலோகத் தகடு, இன்னொரு பக்கம் பீரோ. சிக்னலை அடைத்து வைக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

அளந்தது

முதல் நாள் எதையும் தொடவில்லை. போனில் வைஃபை வலுவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஓர் இடத்தில் மூன்று முறை பார்த்து நடுவான எண்ணை எழுதிக்கொண்டேன். வேகத்தையும் அதே இடத்தில் நின்றே சோதித்தேன். சித்தி, "என்னப்பா, கொசு தேடுறியா?" என்று கேட்டாள்.

இந்தச் செயலிகள் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் கணக்கு என்பதால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. -50 என்றால் அருமை. -67 வரை வீடியோ கால் நிம்மதியாக ஓடும். -75 தாண்டினால் இழுபறி. -85இல் நெட்வொர்க்கின் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. எண் 10 குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். -54க்கும் -84க்கும் வித்தியாசம் முப்பது என்று பார்க்கக் கூடாது, ஆயிரம் மடங்கு.

இணைய நிறுவனம் கொடுத்த அந்தப் பழைய பெட்டியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டையில் மட்டும்தான் வைஃபை உண்டு; புது ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையும் உண்டு. பழையதன் கணக்கு (வேகம் எம்பிபிஎஸில்): ஹாலில் -45, வேகம் 46. சமையலறையில் -67, வேகம் 18. மாடி முன்னறையில் -72, வேகம் 11. பின்னறையில் -85, வேகச் சோதனை முடியவே இல்லை.

ஆறு கொம்பு ரூட்டரின் கணக்கு: ஹாலில் 5 ஜிகாஹெர்ட்ஸில் -40, வேகம் 94. 100 திட்டத்துக்கு இது முழு வேகம்தான். சமையலறையில் -64, வேகம் 78. மாடி முன்னறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் -77க்கு இறங்கி, வேகம் 22. பின்னறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை. 2.4இல் -80, டவுன்லோட் 9, அப்லோட் 0.7.

ரூட்டர் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் வேகம் நான்கு மடங்காகியிருக்கிறது; பின்னறையில்கூட வலு மூன்று மடங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் -85இலிருந்து -80க்கு வருவது, மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குத் தண்ணீர் அரை அடி வற்றியதைப் போல.

அந்த 0.7

டவுன்லோட் 9, அப்லோட் 0.7. அன்று ராத்திரி இந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கச்சி சொன்னது உறைத்தது. அவளுக்குக் கேட்கிறது, அவள் பேசுவதுதான் போகவில்லை.

வைஃபை வானொலி மாதிரி ஒருவழி ஒலிபரப்பு கிடையாது. ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் போனோ லேப்டாப்போ 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்லியாக வேண்டும். கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் கட்டியவன் பேசுவது ஊருக்கே கேட்கும். கடைசி வரிசையில் நிற்கிற பாட்டி வெறும் வாயால் சொல்லும் பதில் அவனுக்குக் கேட்குமா? லேப்டாப்பும் போனும் அந்தப் பாட்டிதான். சின்ன ஆன்டெனா, பேட்டரியைச் சேமிக்க வேண்டிய கட்டாயம். ரூட்டரை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் லேப்டாப்பின் குரல் வளராது. நல்ல ரூட்டர் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளும். புது ரூட்டரில் கிடைத்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு அதுதான். அதற்கு மேல் இல்லை.

கொம்புகளின் எண்ணிக்கையும் இதே ரகம். ஆறும் சேர்ந்து ஒரே திசையில் ஆறு மடங்கு கத்துவதில்லை. பொதுவாகச் சில கொம்பு 2.4க்கு, சில 5க்கு என்று பிரிந்திருக்கும். ஒரே நேரத்தில் தகவலைப் பல இழையாக அனுப்பவே பெரும்பாலும் அவை பயன்படுகின்றன. நம் போன்களில் இருப்பது பொதுவாக இரண்டு இழைக்கான ஆன்டெனா. இது போக, சத்தத்துக்குச் சட்டத்தின் உச்சவரம்பும் உண்டு. உரிமம் இல்லாமல் 2.4 பட்டையைப் பயன்படுத்த இந்தியாவில் 2005இல் வந்த அறிவிப்பு, ஆன்டெனாவின் பங்கையும் சேர்த்து 4 வாட் என்று எல்லை போட்டது. வீட்டு ரூட்டர்கள் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் இயங்குகின்றன. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் 'மூன்று மாடி' எந்த ஊர் மாடி என்று தெரியவில்லை. பலகைச் சுவரும் பலகைத் தளமும் உள்ள வீட்டுக்குச் சரியாக இருக்கலாம்.

நம்மூர் வீட்டில் இடைஞ்சல் தளம்தான். செங்கல் சுவர் சிக்னலைக் கொஞ்சம் தின்னும். கம்பிக்கட்டோடு கூடிய கான்கிரீட் நிறையத் தின்னும், அதுவும் 5 ஜிகாஹெர்ட்ஸை இன்னும் கூடுதலாக. போதாக்குறைக்கு, ரூட்டர் முன்ஹாலில், தங்கச்சி மாடிப் பின்னறையில். சிக்னல் தளத்தை நேராகக் கடக்காமல் சாய்ந்து கடக்கிறது. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து போனால், நேர்கோட்டுக் கணக்கில் ஐந்து அங்குலத் தளம் பத்து அங்குலமாகிவிடுகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் முன்னறையில் -77 வந்து, பின்னறையில் ஒன்றுமே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்பீட்டர் எங்கே என்று கேட்டேன். பின்னறையிலேயே கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் வராத அறையில் சிக்னலைத் திருப்பி அனுப்பும் கருவி! இருட்டறையில் கண்ணாடி மாட்டினால் வெளிச்சமா வரும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் திடமாக இருக்கும் இடத்தில் வைத்திருந்தால் ஓரளவு உதவியிருக்கும். ஆனால் இந்த மலிவு ரகம் ஒரே ரேடியோவில் வாங்கி அதே சேனலில், அதாவது பட்டைக்குள் அதே தடத்தில், திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

காசில்லாமல் செய்தது

மறுநாள் ரூட்டரை டிவி முதுகிலிருந்து எடுத்து, எதிர்ச் சுவர் ஷோகேஸின் மேல், ஆறடி உயரத்தில் வைத்தேன். ஃபைபர் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே வீட்டிலிருந்த லேன் கேபிள்.

கொம்புகளில் இரண்டை மட்டும் படுக்க வைத்தேன். சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, உடைந்துபோன மாதிரி இருக்கிறதாம். உளுந்த வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். குச்சிதான் ஆன்டெனா, வடைதான் சிக்னல் பரவும் வடிவம். குச்சி நேராக நின்றால் வடை கிடைமட்டமாகக் கிடக்கும். பக்கவாட்டில் நன்றாகப் போகும், தலைக்கு மேலே போவது குறைவு. குச்சியைப் படுக்க வைத்தால் வடை நிமிர்ந்து நிற்கும், மாடிக்குக் கொஞ்சம் பங்கு கிடைக்கும்.

2.4இல் சுற்றுப்பட்டு வீடுகளின் நெட்வொர்க் பதின்மூன்று தெரிந்தது. பெரும்பாலும் 1, 6 சேனல்களில் குவிந்திருந்தன. ரூட்டர் தானாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருந்தது 4இல். 1, 6 இரண்டின் சத்தமும் சேர்ந்து விழும் இடம். 11க்கு மாற்றி, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்தும் சேனல்கள் 1, 6, 11.

பின்னறை -80இலிருந்து -75. அப்லோட் 0.7இலிருந்து 2. கேமராவை அணைத்துவிட்டால் தங்கச்சியின் குரல் போய்ச் சேர்ந்தது. பாஸ் மார்க், அவ்வளவுதான்.

கம்பியா, காற்றா

இனி மேலே ஒரு ரூட்டர் வைத்தே ஆக வேண்டும். லேப்டாப் கத்த முடியாது என்றால், கேட்பவர் பக்கத்தில் போய் நிற்பதுதான் வழி. அதைக் கீழே உள்ளதோடு காற்றில் இணைப்பதா, கம்பியில் இணைப்பதா என்பதுதான் கேள்வி.

படி முடியும் இடத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ் -70 வந்தது. படிக்கட்டு திறந்திருப்பதால் அங்கே தளத்தின் தொல்லை குறைவு. காற்றில் இணைத்திருந்தால் பின்னறைக்கு 30, 35 கிடைத்திருக்கும், மீட்டிங்குக்குப் போதும். அப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது. இங்கே நல்வாய்ப்பாக, ஹாலிலிருந்து மாடி முன்னறைக்கு, சுவருக்குள் பதித்த குழாயில் பழைய கேபிள் டிவி ஒயர் செத்துக் கிடந்தது. மின்சார ஒயர் போகாத தனிக் குழாய். இதைவிட என்ன வேண்டும்?

கடையில் லேன் கேபிள் கேட்டபோது முதலில் மீட்டர் பன்னிரண்டு ரூபாய் சுருளைக் காட்டினார்கள். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தது, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. சுத்தச் செம்பு மீட்டர் 28. முப்பது மீட்டர் வாங்கினேன். நூறு மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) தாங்கும் கேபிள், வீட்டுக்குத் தாராளம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய ஒயரின் நுனியில் புதுக் கேபிளை இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றி, மேலேயிருந்து இழுத்தார். நான் கீழேயிருந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்தடி போய் வளைவில் நின்றுவிட்டது. சித்தியின் முகப்பவுடரைக் கேபிளில் தடவி, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினோம். சரக்கென்று போனது. ஹாலெல்லாம் மல்லிகை வாசனை.

இரண்டு முனையிலும் பிளக் அடித்துச் செருகியதும் விளக்கு எரிந்தது, இணையமும் வந்தது, வேகம் 94. எல்லாரும் கிளம்பிவிடலாம் என்ற நேரத்தில் ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இணைப்பு 1,000 என்று காட்ட வேண்டியது 100 என்று காட்டியது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும், ஆக நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 திட்டத்தில் ஓடுவதால் வேகச் சோதனையில் இந்தக் குறை தெரியவே தெரியாது. மேல் முனைப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி மாதிரியான அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பழுப்புக் கம்பி ஒன்று மற்றவற்றோடு முன்சுவரைத் தொடாமல், ஒரு நெல்மணி நீளம் பின்தங்கி நின்றது. பிளக்கின் உலோகப் பல் அதன் மேல் இறங்கவே இல்லை. வெட்டிவிட்டு மறுபடி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஒரே மட்டமாகக் கத்தரித்து, எட்டும் முன்சுவரை முட்டுவதைப் பார்த்த பிறகுதான் அமுக்கினோம். 1,000 வந்தது.

அண்ணன் கொஞ்சம் சடைத்துக்கொண்டார். "நெட்டுதான் வருதே தம்பி" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இன்றைக்கு அந்தக் கம்பி இல்லாமலும் ஓடும். நாளைக்கு 300க்கு மாறும்போது யார் இந்தப் பிளக்கைச் சந்தேகப்படப் போகிறார்கள்?

அமைப்பில் நடந்த கூத்து

மாடிக்கு, ஆறு கொம்பைச் செய்த கம்பெனியிலேயே சின்ன ரூட்டர் வாங்கினேன். இரண்டு பட்டை, வைஃபை 6, விலை 2,600. ஒரே கம்பெனி என்பதால் இரண்டும் பேசிக்கொண்டு, போனைக் கைமாற்றிவிட ஒத்துழைக்கும். வைஃபை 6 என்பது தூரத்துக்கான மருந்து இல்லை. பல கருவிகள் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும்போது வரிசையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் முக்கிய வேலை. முன்னறை வரை வந்த கேபிளைச் சுவரோரமாகப் படிமுடிவுக்குக் கொண்டுவந்து, ரூட்டரை அங்கே மாட்டினோம். இரண்டு அறைக்கும் மொட்டை மாடிக்கும் பொது.

இதற்கு நடுவே வீட்டில் இன்னொரு புகார் வெளிவந்தது. சித்தியின் போனிலிருந்து டிவியில் படம் போட முடியவில்லையாம், புது ரூட்டர் வந்த நாளிலிருந்தே. காரணம் எளிது. ஃபைபர் பெட்டியும் ஒரு ரூட்டர், அதற்குப் பின்னால் ஆறு கொம்பும் ஒரு ரூட்டர். இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. சித்தியின் போன் பழைய பெயரில், டிவி புதுப் பெயரில். ஒரே ஹாலில் இருந்தாலும் வேறு வேறு வீடு. புது ரூட்டர் இரண்டையும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினேன். முகவரி கொடுக்கும் வேலை ஃபைபர் பெட்டிக்கு மட்டும், மற்ற இரண்டும் வெறும் வைஃபை. அப்புறம் ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே புதிய இரண்டுக்கும் வைத்தேன். எந்தப் போனிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் சித்தப்பா போன் செய்தார். "எல, கேட் கேமரா செத்துக் கெடக்கு." என் தவறுதான். அந்தக் கேமரா 2.4இல் மட்டும், பழைய டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் மட்டும் இணையும். நான் வேகத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிட்டேன். போன்கள் ஏற்றுக்கொண்டன, கேமரா வாசலிலேயே நின்றுவிட்டது. தங்கச்சியை அழைத்து இரண்டும் கலந்த முறைக்கு மாற்றச் சொன்னேன், உயிர் வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் பழையதாக இருந்தால் மட்டும் போதாது, பூட்டின் ரகமும் பொருந்த வேண்டும் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

இன்னொன்று, சித்தப்பாவின் பழைய போன். ஹாலில் பிடித்த சிக்னலை மாடிக்குப் போனாலும் விடாது. எந்த ரூட்டரோடு ஒட்டிக்கொள்வது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது போன்தான். ரூட்டர் பரிந்துரைக்க மட்டுமே முடியும். கீழ் ரூட்டரின் 2.4 வலுவை நடுத்தரத்துக்குக் குறைத்தோம். மாடி ஏறும்போதே பிடி தளர்ந்து மேலே உள்ளதற்குத் தாவியது. காசு கொடுத்துச் சத்தமாக வாங்கிய ரூட்டரைக் குறைத்துப் பேசச் சொன்னதில் சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

முதல் மின்வெட்டில் மாடி மட்டும் செத்தது. ஹால் பிளக் இன்வெர்ட்டரில் இருந்தது, படிமுடிவுப் பிளக் இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் மறுபடி வந்து மாற்றிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

இப்போது

பின்னறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் -54, டவுன்லோட் 94, அப்லோட் 92. முன்னறையிலும் கிட்டத்தட்ட அதே. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் -66, அந்தப் பக்கம் -78. வைஃபை போன்ற மைக்ரோவேவ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். வடகம் காயப் போடுவது இந்தப் பக்கம்தான் என்பதால் சித்திக்குப் புகார் இல்லை. கீழ்ப் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் உள்ள மூலை இன்னும் -72.

இரண்டாம் சுற்றுச் செலவு: ரூட்டர் 2,600, கேபிள் 840, பிளக்கும் சுவர்ப் பெட்டியும் 150, கூலி 800. மொத்தம் 4,390. ஆறு கொம்பின் 5,200 தனி. அந்தப் பணத்துக்குச் சின்ன ரூட்டரே இரண்டு வந்திருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்திருந்தால் பின்னறையில் இன்று வரும் எண்களேதான் வந்திருக்கும். இதைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ரிப்பீட்டரைப் பக்கத்து வீட்டு மாமா கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். எங்கே மாட்டியிருக்கிறார் என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"அவங்க வீட்ல சிக்னலே வராத ஒரு ரூம் இருக்காம்ண்ணே. அங்கதான்."